மறைந்த கருவியும் மலர்ந்த கருவியும்

குழலும் யாழும் என்று சேர்த்துச் சொல்லியே பழகிவிட்டோம். குழலோசையை இன்றும் கேட்கிறோம். யாழோசையைக் காதாரக் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? சங்ககாலப் பாணர்கள் தோளில் சுமந்து திரிந்த அக்கருவி இன்று பெரும்பாலும் ஏட்டில்தான் வாழ்கிறது. ஐரோப்பியருக்கும் இப்படி ஒரு கருவி உண்டு. அதன் பெயர் ஹார்ப்சிகார்டு. அரண்மனைகளிலும் மாளிகைகளிலும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கொலுவீற்றிருந்த அது, பியானோ வந்ததும் ஒதுங்கிக்கொண்டது. நல்ல கருவி ஒன்று ஏன் மறைகிறது? இயற்பியல் பயிலும் மாணவன் நான். புன்னைக்காயல் கோயில் பாடற்குழுவில் வாசிப்பவனும்கூட. இவ்விரு வகையாலும் என்னைத் தொடர்ந்து வந்த இக்கேள்விக்கு நான் கண்ட விடையைத் தோழர்கள் முன் வைக்கிறேன்.

மீட்டும் கருவி

ஹார்ப்சிகார்டு பார்வைக்குப் பியானோவைப் போலவே இருக்கும்; வரிசையாகக் கட்டைகள், உள்ளே நீண்ட தந்திகள். வேறுபாடு உள்ளே இருக்கிறது. கட்டையின் முன்பக்கத்தை அழுத்தினால் பின்பக்கம் உயரும். அதன்மேல் நிற்கும் மெல்லிய மரச்சட்டமும் மேலெழும். அச்சட்டத்தில் செருகிய பறவையிறகின் முள் தந்தியைச் சுண்டிவிடும். நாம் வீணையை விரலால் மீட்டுவதை அங்கே இறகுமுள் செய்கிறது. 1397ஆம் ஆண்டிலேயே இத்தகைய கருவி பற்றிய குறிப்பு இத்தாலியில் கிடைக்கிறது. பின்னாளில் ஆண்ட்வெர்ப் நகரத்து ருக்கர்ஸ் குடும்பத்தார் இதைச் செய்வதில் பெரும்புகழ் பெற்றனர்.

இதில் ஒரு குறை உண்டு. முள் ஓரளவு தந்தியை இழுத்ததும் நழுவிவிடும். விரலை மெல்ல வைத்தாலும் ஓங்கி வைத்தாலும் தந்தி இழுபடும் தூரம் ஏறக்குறைய ஒன்றே. இழுத்த தூரம் ஒன்றென்றால் தந்தியில் சேரும் ஆற்றலும் ஒன்றே. ஆகவே ஒலியின் அளவும் ஒன்றே. வாசிப்பவர் கோபப்பட்டாலும் கொஞ்சினாலும் கருவி ஒரே குரலில்தான் பேசும். இதை ஈடுசெய்ய ஒரே சுரத்துக்கு இரண்டு மூன்று வரிசைத் தந்திகளைக் கட்டினார்கள். இரண்டடுக்குக் கட்டைகளும் வைத்தார்கள். ஒலி படிப்படியாக ஏறிற்றேயன்றி, அலைபோல் எழுந்து தணியவில்லை.

தட்டும் கருவி

இக்குறையைத் தீர்த்தவர் இத்தாலி நாட்டுப் பார்த்தொலொமேயோ கிறிஸ்தோஃபோரி (1655-1731). பிளாரன்சு நகரில் மெடிச்சி இளவரசரிடம் பணியாற்றிய கருவிக் கலைஞர் அவர். 1700ஆம் ஆண்டின் அரண்மனைப் பொருட்பட்டியல் ஒன்றில், மென்மையாகவும் வன்மையாகவும் ஒலிக்கும் கருவி என்று அவருடைய புதிய படைப்பு குறிக்கப்பட்டுள்ளது. இத்தாலிய மொழியில் மென்மைக்குப் ‘பியானோ’ என்றும், வன்மைக்கு ‘ஃபோர்த்தே’ என்றும் பெயர். ‘பியானோஃபோர்த்தே’ என்ற பெயர் பிறந்த விதம் இதுதான். பின்பு ஃபோர்த்தே உதிர்ந்து பியானோ மட்டும் நின்றது.

அவர் இறகுமுள்ளை நீக்கிவிட்டுச் சிறு சுத்தியலை வைத்தார். சுத்தியல் எவ்வளவு வேகமாகப் பாய்கிறதோ அவ்வளவு ஆற்றல். வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு என்பது நாம் வகுப்பில் படித்ததே. இப்பொழுது விரலின் சொல் தந்தியின் காதில் விழுந்தது! ஆனால் ஒரு சிக்கல். கோயில் மணியை அடித்துவிட்டு நாக்கை அதன்மேலேயே அழுத்திப் பிடித்தால் நாதம் செத்துவிடும் அல்லவா? அதுபோல் சுத்தியலும் தந்தியோடு ஒட்டி நிற்கக்கூடாது. ஆகவே, தந்தியைத் தொடுவதற்குச் சற்றுமுன் சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுத் தானே பாய்ந்து அடித்து, உடனே திரும்பி விழும்படி ஒரு பொறியை அமைத்தார். பியானோவின் உயிர்நாடி இதுவே. அவர் கையால் செய்த பியானோக்களுள் மூன்று இன்றும் நியூயார்க்கு, ரோம், லைப்சிக் நகர அருங்காட்சியகங்களில் உள்ளன.

இவ்வேறுபாட்டை நம் ஊர்க் கீபோர்டிலேயே காணலாம். விலை குறைந்த கீபோர்டுகள் பலவற்றில் விரலின் வேகத்தை அறியும் வசதி இல்லை. அவற்றில் பியானோ என்ற பொத்தானை அமுக்கி எப்படித் தட்டினாலும் ஒலி ஒரே அளவாகத்தான் வரும். பெயரளவில் பியானோ, குணத்தில் ஹார்ப்சிகார்டு!

நூறாண்டுப் போட்டி

புதியது பிறந்ததும் பழையது ஓடிவிடவில்லை. முதற் பியானோக்களின் ஒலி மெலிந்தது, விலையோ மிகுந்தது. 1760களில் லண்டனில் சும்பே என்பவர் சிறிய சதுரப் பியானோக்களைச் செய்து விற்றபின் அவை நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்தன. 1768இல் யோகான் கிறிஸ்டியான் பாக் லண்டன் பொதுமேடையில் தனியே பியானோ வாசித்தார். பிராட்வுட் நிறுவனம் 1793இல் ஹார்ப்சிகார்டு செய்வதை நிறுத்தியது. கிர்க்மன் நிறுவனம் தன் கடைசி ஹார்ப்சிகார்டை 1809இல் செய்தது. இசை அரண்மனைக் கூடத்தை விட்டுப் பெரிய அரங்குக்கு வந்ததும் தந்திகள் தடித்தன, இழுவிசை பெருகியது, மரச்சட்டம் தாங்கவில்லை. 1825இல் பாஸ்டன் நகரத்து பாப்காக் வார்ப்பிரும்புச் சட்டத்துக்கு உரிமம் பெற்றார். இன்றைய பெரிய பியானோவில் எல்லாத் தந்திகளின் இழுவிசையும் சேர்ந்து ஏறத்தாழ 20 டன். இறகுமுள்ளின் மெல்லிய உலகம் எங்கே, இது எங்கே!

யாழும் வீணையும்

ஹார்ப்சிகார்டின் உறவுக் கருவியான வர்ஜினல் ஒன்றை ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ 1616இல் ஜகாங்கீரின் அரசவைக்குக் கொண்டுவந்தார். 1789இல் வில்லியம் ஹாமில்டன் பேர்டு இந்துஸ்தானிப் பாடல்களை ஹார்ப்சிகார்டுக்கு ஏற்ப அமைத்துக் கல்கத்தாவில் நூலாக வெளியிட்டார். எனினும் அக்கருவி நம் இசையில் வேரூன்றவில்லை. இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள ஒலி அதில் கிடையாது. நம் இசையின் உயிரான கமகமோ அந்த இடைவெளியில்தான் வாழ்கிறது.

யாழின் குறையும் இதுவே. அதில் சுரத்துக்கு ஒரு நரம்பு. பேரியாழுக்கு 21 நரம்புகள் என்பர். வீணையிலோ மெட்டின்மேல் தந்தியை இழுத்து ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லலாம். ஐரோப்பிய இசை வன்மை மென்மையைக் கேட்டது, பியானோ கொடுத்தது. நம் இசை குழைவைக் கேட்டது, வீணை கொடுத்தது. கருவி கெட்டுப் போவதால் மறைவதில்லை. இசை புதிதாகக் கேட்பதை அதனால் கொடுக்க முடியாதபோது மறைகிறது என்பதே நான் கண்ட விடை.

ஆர்மோனியம் பிழைத்தது எப்படி?

அப்படியானால் கமகம் வராத ஆர்மோனியம் மட்டும் எப்படி நிலைத்தது என்று நண்பர்கள் கேட்கலாம். 1842இல் பாரிசு நகரத்து தெபான் உரிமம் பெற்ற இக்கருவியை, கையால் துருத்தி இயக்கும்படி கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் மாற்றியமைத்தார். கமகம் வராது என்பதால் அகில இந்திய வானொலி 1940இல் இதை விலக்கிவைத்தது. 1971இல்தான் தடை தளர்ந்தது. ஆயினும் மேடை நாடகம் இதைக் கைவிடவில்லை. எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மரபு ஆர்மோனியத்தோடு வளர்ந்தது. தாமிரபரணி கடலில் கலக்கும் எங்கள் ஊரில் உப்புக்காற்று இரும்புத் தந்தியை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். பித்தளை நாக்குகளை அவ்வளவு எளிதில் கெடுக்காது. மேலும், நூறு பேர் சேர்ந்து பாடும்போது சுருதி விலகாமல் தாங்கும் குரல் அதற்கு உண்டு. பலர் கூடிப் பாடும் இசை கேட்டது அதைத்தான்.

முடிவுரை

எங்கள் பாடற்குழு அறையின் மூலையில் காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்மோனியம் ஒன்று துருத்தி கிழிந்து கிடக்கிறது. கீபோர்டு வந்துவிட்டதால் அதை எடைக்குப் போட்டுவிடலாம் என்கின்றனர் சிலர். துருத்திக்குத் தோல் வாங்கத் தொகை சேர்க்கலாம் என்பது என் கட்சி. கட்சி சிறியது; இதுவரை நாங்கள் மூவர்.

மறைந்த கருவிகள் மீண்டதும் உண்டு. டால்மெட்ச் 1896இல் புதிதாக ஹார்ப்சிகார்டு செய்தார். வாண்டா லாண்டோவ்ஸ்கா என்ற அம்மையார் அதை மீண்டும் மேடையேற்றினார். யாழுக்காக விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்தார்.

திருத்தருமபுரத்தில் ஞானசம்பந்தர் பாடிய பாடல் யாழில் அடங்கவில்லை. மனம் நொந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் யாழையே உடைக்க ஓங்கினார். சம்பந்தர் அதைத் தடுத்து, கருவியில் இயன்ற அளவு வாசித்து வருமாறு அவரிடமே யாழைத் திரும்பக் கொடுத்தார் என்கிறது பெரியபுராணம். பாடல் கருவியை மிஞ்சியது உண்மை. ஆனால் அதற்காகக் கருவியை உடைக்க வேண்டியதில்லை என்பதை அப்பெரியவர் அன்றே காட்டிவிட்டார்.