பேயா, நோயா?
திசையன்விளையை அடுத்த உவரி அந்தோணியார் கோவிலுக்குப் பேய்பிடித்ததாகக் கருதப்படுவோரை அழைத்துவருவது நெடுநாள் வழக்கம். ஆனால் அலகையின் தாக்குதல் என்று கிறிஸ்தவ மரபு பெரிதும் குறிப்பது அன்றாடச் சோதனையையே: செபத்தில் சலிப்பு, ஆறாத பகை, நம்பிக்கையிழப்பு. அதை எதிர்க்க விழிப்பும் செபமும் பாவசங்கீர்த்தனமும் உண்டு.

பேயோட்டுதலோ அரிதினும் அரிது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1172ஆம் விதிப்படி, ஆயரின் வெளிப்படையான அனுமதி பெற்ற குருவே அதைச் செய்யலாம். அதற்குமுன் நோயன்று என உறுதிசெய்தாக வேண்டும். இதை அறிந்த பக்தர்கள் எத்தனை பேரோ!

நோயைப் பேயென்று எண்ணுவது ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதன்று. 2001இல் ஏர்வாடிக் காப்பகத் தீயில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது. இல்லாத குரல் கேட்பவருக்குச் செபத்தோடு மருத்துவரும் வேண்டும். 14416 என்ற அரசு உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.