ஆளை நிறுத்திப் பாருங்கள்

உடுவில் பிரதேசத்துக் கந்தரோடையில், பனைகள் சூழ்ந்த வெளியொன்றில் முருகைக்கல்லால் கட்டிய தூபிகள் நெருங்கி நிற்கின்றன. 1917இல் போல் பீரிஸ் அகழ்ந்து ஆராயத் தொடங்கிய இடம் இது. ஆளே இல்லாத படத்தில் பார்த்தால் அவை எவ்வளவு பெரியவை என்று சொல்லவே முடியாது. அநுராதபுரத்து ருவன்வெலிசாயவுக்கும் இதே அரைக்கோள வடிவந்தான். அது ஏறக்குறைய 100 மீற்றர் உயரம். கந்தரோடைப் படத்துக்குள் ஒருவர் நடந்து வரட்டும், அந்தக் கணமே தூபிகள் சுருங்கிவிடும். சில அவருடைய தோளளவுதான்.

கண்ணுக்கு அளவுகோல் மனிதர். ஓர் உருவம் அகப்பட்டால் போதும், சுற்றியுள்ள எல்லாவற்றையும் அதைக் கொண்டே அளந்துவிடும். மேசையில் பொம்மை வீரர்களை நிறுத்திப் போர் விளையாடுவோரின் தீராத கேள்வியும் இங்கிருந்துதான் பிறக்கிறது: இந்த ஆளுக்கு இந்த லொறி பொருந்துமா?

மாடல் வாகனங்களை விகிதத்தால் குறிப்பார்கள். 1:72 என்றால் உண்மையான லொறி மாடலைப்போல 72 மடங்கு நீளம். வீரர்களையோ மில்லிமீற்றரில் குறிப்பார்கள். 28 மி.மீ. வீரர் என்றால் பெரும்பாலும் உள்ளங்காலிலிருந்து கண் வரையான உயரம். தொப்பி உச்சந்தலையை மறைத்துவிடுவதால் கண்தான் நம்பகமான எல்லை. 173 செ.மீ. உயரமுள்ளவரின் கண் சுமார் 161 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதை 28 மி.மீ. ஆக்கினால் விகிதம் 1:57 அல்லது 1:58 என்று வரும். 1:56 வாகனம் அவருக்கு இணங்குவது அதனால்தான். அவரையே 1:72 லொறியருகே நிறுத்தினால் கண் மட்டுமே இரண்டு மீற்றர் உயரத்துக்குப் போய்விடும். 1:48 லொறியருகே பத்துப் பதினொரு வயதுச் சிறுவனாகிவிடுவார்.

72க்கும் 56க்கும் இடைவெளி சிறிதாகத் தெரியலாம். ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து மாறுவதால், 1:56 லொறியின் கனஅளவு 1:72 லொறியைப்போல இரு மடங்குக்கும் மேல். கண் உறுத்துவது அதனால்தான்.

இந்த எண்கள் வந்த வழி எனக்கு இன்னும் வியப்பு. 1893இல் இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளீடற்ற ஈய வீரர்களை வார்த்தபோது, அன்றைய பொம்மை றெயிலுக்குப் பொருந்தும்படி 54 மி.மீ. உயரத்தைத் தெரிவுசெய்தது. அது 1:32 விகிதம்; 54ஐ 32ஆல் பெருக்கினால் 1728: முழு வளர்ச்சி பெற்ற ஒருவரின் உயரம், மில்லிமீற்றரில். வாகனமே ஆளின் அளவைத் தீர்மானித்திருக்கிறது! 1:72 விகிதத்தில் ஆறடி மனிதர் சரியாக ஓர் அங்குலம். யப்பானின் தமியா நிறுவனத்துக்கு 1:35 கிடைத்த கதை இன்னும் விநோதம். 1960களின் தொடக்கத்தில் அவர்கள் செய்த பாந்தர் டாங்கி மாடலுக்குள் மோட்டாரும் பற்றரிகளும் அடங்கவேண்டியிருந்தது; அதற்கேற்ற உடலைச் செய்தபிறகு அளந்தால் விகிதம் 1:35 ஆக இருந்தது. பற்றரியின் பருமன் உலகெங்கும் ஒரு நியமமாயிற்று.

வார்ப்பவர்கள் முகமும் துப்பாக்கியும் தூரத்திலிருந்து தெரியவேண்டுமென்று தலையையும் கைகளையும் பெருக்கிவிடுவதுண்டு. காலடியிலுள்ள தட்டும் ஆளைச் சற்று உயர்த்திவிடும். ஆகவே பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பி வாங்கக்கூடாது. வீரரை லொறியின் கதவருகே நிறுத்துங்கள். கைபிடி இடுப்பளவில் அல்லது நெஞ்சளவில் வருகிறதா, மிதிபலகையில் அவரால் கால் வைக்க முடியுமா, ஆசனத்தில் அமர்ந்தால் தலை கூரையில் இடிக்குமா என்று பாருங்கள். உடல் தொடும் இடங்கள் இணங்கினால் மிச்சத்தைக் கண் ஏற்றுக்கொள்ளும்.

விமானத்துக்கு இவ்வளவு கண்டிப்பு வேண்டாம். 28 மி.மீ. வீரர்களுக்கு மேலே 1:72 விமானத்தைக் கம்பியில் உயர்த்தி நிறுத்தலாம். அருகில் ஒப்பிட ஆளில்லாததால், அது சிறிதாயிருப்பதைக் கண் தொலைவு என்று எடுத்துக்கொள்ளும்.