காலரா விஷமும் கல்கத்தா டாக்டரும்

காலரா என்னும் வாந்திபேதியின் பெயரைக் கேட்டமாத்திரத்தில் நடுங்காத கிராமம் ஒருகாலத்தில் நம் தேசத்தில் இருந்ததில்லை. காலையில் ஏர் பூட்டிச் சென்றவன் மாலைக்குள் சுடுகாடு சேர்ந்தான் என்பது கட்டுக்கதையன்று. நமது பாட்டன்மார் கண்ணெதிரே கண்டது. சிலர் அதை அம்மனின் கோபமென்றனர். சிலர் கெட்ட காற்றென்றனர். இந்நோயில் மனிதன் எவ்வாறு இறக்கிறான் என்பதை விஞ்ஞானம் இன்று தெளிவாகக் கண்டுவிட்டது. அதைக் கண்டதில் தலையாய பங்கு ஓர் இந்தியருடையது. இவ்விரண்டு விஷயங்களையும் நம்மவருள் படித்தவர்களே சரிவர அறியார். ஆதலின் அவற்றை இன்று எடுத்துக்கொள்கிறோம்.

கிருமி அகப்பட்டது, விஷம் அகப்படவில்லை

1883-ல் எகிப்திலும் பின்னர் கல்கத்தாவிலும் ஆராய்ச்சி நடத்திய ஜெர்மானிய டாக்டர் ராபர்ட் கோக், காற்புள்ளியைப்போல் வளைந்த ஒரு கிருமியே காலராவுக்குக் காரணமென்று 1884-ல் அறிவித்தார். இத்தாலியரான பிலிப்போ பாச்சினி 1854-லேயே அக்கிருமியைக் கண்டு எழுதியிருந்தும் அன்று அவர் சொல் அம்பலமேறவில்லை. கிருமி ஏதோ ஒரு விஷத்தை உண்டாக்குகிறதென்று கோக் ஊகித்தார். ஆனால் ஊகம் வேறு, ருசு வேறு. குற்றவாளி இன்னானென்று தெரிந்தது. குற்றம் நடந்த விதம் தெரியவில்லை.

1892-ல் ரிச்சர்ட் பைபர் என்பவர், விஷம் கிருமியின் உடலுக்குள்ளேயே கட்டுண்டு கிடந்து, கிருமி மடியும்போது வெளிப்படுகிறதென்று கூறினார். இவ்வபிப்பிராயம் அரை நூற்றாண்டுக்கு மேல் கோலோச்சியது. இறந்தவரின் குடலை அறுத்துப் பார்த்தவர்கள், அதன் உட்தோல் உரிந்திருக்கக் கண்டு, அப்புண்ணின் வழியாகவே நீர் ஒழுகுகிறதென்று முடிவு கட்டினர். அவ்வுரிதல் மரணத்திற்குப் பின் நேர்வதென்பதும், உயிரோடிருக்கும் நோயாளியின் குடல் முழுமையாகவே இருக்கிறதென்பதும் 1960-ல் எடுத்த பரிசோதனைகளால் ஐயமற விளங்கின.

சம்புநாத் தே

இந்தக் குழப்பத்தினிடையே ஸ்ரீ சம்புநாத் தே தோன்றினார். வங்காளத்து ஹூக்ளி ஜில்லாவில் 1915-ல் பிறந்த இவர், லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று 1949-ல் தாயகம் திரும்பிக் கல்கத்தாவில் வேலை தொடங்கினார். மற்றவர்கள் மிருகங்களின் ரத்தத்தில் தேடிக்கொண்டிருந்த விஷத்தை, நோய் நடக்கும் இடமாகிய குடலிலேயே தேட வேண்டுமென்பது இவர் கண்ட நெறி. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் காலராக் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அக்கண்டம், அரிசி கழுவிய நீரையொத்த திரவத்தால் உப்பியிருந்தது. கிருமி செலுத்தாத கண்டமோ வற்றிக் கிடந்தது. இதை 1953-ல் டி. என். சாட்டர்ஜியுடன் சேர்ந்து பிரசுரித்தார்.

அதோடு அவர் நிற்கவில்லை. கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமி ஒன்றேனும் இல்லாத வடிநீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. ஆகவே விஷம் கிருமிக்குள் கட்டுண்டதன்று, வெளியே சுரந்து விடப்படுவது என்பது நிரூபணமாயிற்று. 1959-ல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளிவந்த சிறிய கட்டுரை இதுவே. அதே ஆண்டில் பம்பாய் ஹாப்கின் ஸ்தாபனத்தில் என். கே. தத்தாவும் அவர் சகாக்களும் முயற்குட்டிகளைக் கொண்டு காலரா விஷத்தின் செயலைக் காட்டினர். பத்து வருஷங்களுக்குப் பின், 1969-ல், அமெரிக்காவில் பிங்கல்ஸ்டைனும் லோஸ்பலூட்டோவும் அவ்விஷத்தைத் தனியே பிரித்தெடுத்தார்கள்.

குடலில் நடப்பது

நாம் உண்ணும் ஆகார பானங்களோடு உமிழ்நீர், பித்தம் முதலிய சுரப்புகளும் சேர்ந்து நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது லிட்டர் திரவம் சிறுகுடலை அடைகிறது. ஏறக்குறைய அவ்வளவையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மலத்தோடு கழிவது 100 அல்லது 200 மில்லி லிட்டரே. உறிஞ்சுதலும் சுரத்தலும் இடைவிடாது நடக்கின்றன. அவ்விரண்டின் சமநிலையைக் குலைப்பதே விஷத்தின் வேலை.

இவ்விஷம் ஆறு துண்டுகளாலான புரதம். ஒரே மாதிரியான ஐந்து துண்டுகள் வளையமாக அமைந்து, குடலின் உயிரணுவின் மேலுள்ள ஜி.எம்.1 என்னும் கொழுப்புப் பொருளைப் பற்றிக்கொள்கின்றன. ஆறாவது துண்டின் ஒரு பகுதி உயிரணுவினுள் புகுகிறது. அங்கே 'ஜி' புரதம் என்று ஒன்றுண்டு. உத்தரவு வந்தால் அது விழித்தெழும். வேலை முடிந்ததும் தானே அடங்கும். விஷமானது அதன்மேல் ஒரு ரசாயனத் துணுக்கை ஒட்டி, அடங்கும் சக்தியைப் பறித்துவிடுகிறது. அதனால் 'சைக்ளிக் ஏ.எம்.பி.' என்னும் பொருள் ஓயாமல் உற்பத்தியாகிறது. அது பெருகவே, உயிரணுவின் குளோரைடு வாயில்கள் திறந்தபடியே நிற்கின்றன. குளோரைடு குடலுக்குள் பாய்கிறது. அதன் மின்சக்தியால் இழுக்கப்பட்டு சோடியம் பின்செல்கிறது. உப்பைத் தொடர்ந்து ஜலம் செல்கிறது. அதே சமயம் உப்பை உறிஞ்சும் வழக்கமான வழியும் தடைப்படுகிறது. கடுமையான நோயில் மணிக்கு ஒரு லிட்டர்கூட வெளியேறும். கண் குழிந்து, நாடி ஒடுங்கி, சிறுநீர் நின்று, மனிதன் சாகிறான். கிருமி ரத்தத்தில் புகவுமில்லை, குடலைக் கிழிக்கவுமில்லை. உடலின் சொந்த இயந்திரத்தையே அதற்கு எதிராக ஓடவிட்டதுதான் அதன் சூழ்ச்சி.

விஷம் மூடாத கதவு

எனினும் ஒரு கதவை அவ்விஷத்தால் மூட முடிவதில்லை. குளுகோஸும் சோடியமும் கைகோத்து உள்ளே செல்லும் பாதை காலராவிலும் கெடாமலிருக்கிறது. ஆகவே உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடித்தால் இழந்த ஜலம் உடலுக்கு மீளும். டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் காஷும் 1968-ல் இதை நோயாளிகளிடம் காட்டினர். 1971-ல் வங்காள அகதிகள் நிறைந்த போங்காவ் முகாமில், நரம்பின் வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகாலனபிஸ் இம்மருந்தையே நம்பினார். சுமார் 30 சதவீதமாக இருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் வீட்டிலேயே இது தயார். நாடி தளர்ந்த நோயாளிக்கு ஆஸ்பத்திரியும் ஊசிவழி உப்புநீரும் அவசியம். ஆனால் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரையில் உயிரைப் பிடித்துவைக்கும் ஆற்றல் இந்த உப்புச் சர்க்கரை நீருக்குண்டு. குடலின் உயிரணுக்கள் சில நாட்களில் உதிர்ந்து புதியவை தோன்றுமாதலால், அதுவரை நீர் குறையாது காத்தால் நோயாளி பிழைப்பான்.

நமது கடமை

ஸ்ரீ சம்புநாத் தே 1973-ல் ஓய்வு பெற்றார். 1978-ல் நோபல் ஸ்தாபனம் ஸ்டாக்ஹோமில் கூட்டிய மகாநாட்டுக்கு அவரை அழைத்தது. நோபல் விஞ்ஞானி யோஷுவா லெடர்பர்க் அவரைப் பரிசுக்கு முன்மொழிந்தவர். அயலார் இவ்வாறு அறிந்து போற்றிய அம்மனிதரை நம் நாட்டு விஞ்ஞானக் கழகங்களில் ஒன்றேனும் தன் அங்கத்தினராக்கவில்லை. 1985-ல் அவர் காலமானார். மகாலனபிஸுக்குப் பத்ம விபூஷண் வந்ததும் 2023-ல்தான். அவர் 2022-லேயே மறைந்துவிட்டார். அயலார் நம்மவரை மதிக்கவில்லையென்று குறைபடும் நாம், நம்மவரை நாமே மதிக்காததற்கு யாரிடம் முறையிடுவது?

அவர்களுக்குச் சிலை எடுப்பதைவிடச் சிறந்த கைம்மாறு ஒன்றுண்டு. சாக்கடை குடிநீரில் கலக்குமிடத்தில்தான் காலரா பிறக்கிறது. அக்கலப்பைத் தடுக்காத நகரசபை எத்தனை வரவேற்புப் பத்திரங்கள் வாசித்தாலும் பயனில்லை. அரசியல் ஊழியர்கள் அடுத்த முறை ஓர் ஊருக்குப் பிரசங்கம் செய்யப் போகுமுன், அவ்வூரின் குடிநீர் எங்கிருந்து வருகிறதென்று ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுப் போவார்களாக.