மூச்சிரைப்பை மறைத்து மலையேறாதீர்கள்

சங்கராபுரத்திலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. “அதுல எத்தனை தடவ ஏறி இறங்கியிருக்கோம், அமர்நாத் ஏற முடியாதா?” என்று கேட்கும் பெரியவர்கள் இங்கே உண்டு. ஆஸ்துமா, ஆறிய காசநோயின் தழும்பு, பீடியாலோ விறகடுப்புப் புகையாலோ வந்த நாள்பட்ட மூச்சடைப்பு என ஏதாவது இருந்தால், அந்தப் பழக்கத்தை நம்பிப் போகக் கூடாது.

கல்வராயனின் உயரமான பகுதிகளே சுமார் 4,000 அடிதான். அங்கே மூச்சு வாங்கினால் காரணம் ஏற்றம். அதுவும் சிறிய விஷயமல்ல: 6,000 அடி உயர வெள்ளியங்கிரியிலேயே 2024-இல் பக்தர்கள் சிலர் இறந்தார்கள், இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை எச்சரித்தது.

சுமார் 8,000 அடிக்கு மேல் காற்றழுத்தக் குறைவும் சேர்ந்துகொள்கிறது. 12,756 அடியிலுள்ள அமர்நாத் குகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. கயிலாய வலத்தில் 18,000 அடிக்கு மேலுள்ள டோல்மா கணவாயில் ஏறத்தாழ பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறையும். குளிர்ந்த வறண்ட காற்று ஆஸ்துமாவையும் கிளப்பிவிடும்.

இந்த உயரத்தில் நல்ல நுரையீரலிலேயே நீர் கோக்கலாம். நோயாளியோ அதை ‘வழக்கமான இழுப்புதான்’ என்று நினைத்து நேரத்தைக் கடத்திவிடுவார். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, உதடு நீலமாதல், நுரைத்த சளி, தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே உதவி கேட்டுக் கீழே இறங்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் அதுவரை தாங்கும், அவ்வளவே.

அமர்நாத் யாத்ரீகர்களின் மரணங்களை உச்ச நீதிமன்றம் 2012-இல் தானாக முன்வந்து விசாரித்தது. மருத்துவ வசதியும் பாதுகாப்பான பாதையும் அவர்களின் உயிர்வாழும் உரிமையோடு சேர்ந்தவை என்பதே அதன் நிலைப்பாடு. அமர்நாத் போக மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். 13 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கே அனுமதி. தெரிந்த டாக்டரிடம் ‘சும்மா ஒரு கையெழுத்து’ வாங்குவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

காப்பீட்டுப் படிவத்தில் நோயை மறைத்தால் இழப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். பயண நிறுவனத்திடம் நோயை எழுத்தில் தெரிவித்து, ஆக்சிஜன், மருத்துவ உதவி, பணம் திரும்பப் பெறும் விதி ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். சொன்னபடி செய்யாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பெயர் கொடுக்கும் முன்பே நுரையீரல் மருத்துவரிடம் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுப் பரிசோதனை செய்து, மலையின் உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். போகலாம் என்றால், இன்ஹேலரைக் குதிரையில் ஏற்றும் மூட்டையில் வைக்காதீர்கள், சட்டைப்பையில் இருக்கட்டும்.