பாலாற்றுத் தீர்ப்பும் அமர்நாத் பனியும்

2024ஆம் ஆண்டு அமர்நாத் யாத்திரை ஜூன் 29 அன்று தொடங்கி ஆகஸ்ட் 19 வரை 52 நாள் நடந்தது. 5 லட்சத்துக்கும் அதிகமானோர் குகைக்குப் போய்வந்தார்கள். பனி லிங்கமோ முதல் வாரத்திலேயே கரைந்துவிட்டது. பெரும்பாலோர் கும்பிட்டது பனி நின்ற இடத்தைத்தான். பக்திக்கு அதனால் குறைவில்லை என்பார்கள். சரிதான், அதில் எனக்குச் சண்டையில்லை. நான் பேச வந்தது பனியைப் பற்றி மட்டும்.

வேலூர் பக்கத்துப் பள்ளிகொண்டாவில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? காட்பாடியில் ரயிலேறி ஜம்மு வரைக்கும் போகிறவர்கள் இந்தப் பக்கத்திலும் இருக்கிறார்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

குகை கடல் மட்டத்திலிருந்து 3,888 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே மலையில் கிடக்கும் பனி உருகி, பாறை இடுக்குகளில் கசிந்து, கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிறது. குளிர்காலம் பூராவும் சில்லிட்டுக் கிடந்த தரையைத் தொட்டதும் உறைகிறது. அதன் மேல் அடுத்த சொட்டு, அதற்கும் மேல் இன்னொன்று என்று தூண் எழும்புகிறது. இது நடக்க மேலே உருகுவதற்குப் பனி வேண்டும்; உள்ளே உறைய வைக்கக் குளிர் மிச்சம் இருக்க வேண்டும். வெளியே உருகத் தொடங்கியிருக்க வேண்டும், உள்ளே இன்னும் தொடங்கியிருக்கக் கூடாது. வெளியே உருகத் தொடங்கிய பிறகு உள்ளே குளிர் விடைபெறும் வரை கிடைக்கும் கொஞ்ச நாளில்தான் லிங்கம் வளர்கிறது. வெப்பம் கூடினால் அந்த நாட்கள் குறைகின்றன. குளிர்காலத்தில் பனி பொய்த்தால் சொட்டு நீரே குறைகிறது. அடி இரண்டு பக்கமும் விழுகிறது.

வேலூரில் 41 டிகிரி 42 ஆனால் ஃபேனை இன்னொரு எண் கூட்டி வைத்துவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழே நிற்கும் குகையில் ஒரு டிகிரி கூடினால் பனி என்ற பொருளே இல்லாமல் போகிறது. பனிக்குகைகள் எல்லாமே இப்படி விளிம்பில் நிற்பவைதான். அதனால்தான் மலைமேல் பெரிய பனியாறுகள் மெல்லக் குறுகும்போதே இவை சட்டென்று காணாமல் போகின்றன.

எல்லாக் குகையும் ஒரே மாதிரி இல்லை. ருமேனியாவில் ஸ்கரிஷோவாரா என்ற குகை ஆழமான கிணறு போன்றது. குளிர்காலத்தில் கனமான குளிர்காற்று அதற்குள் இறங்கி அடியில் தங்கிவிடும். கோடையின் சூடான காற்று லேசானது, மேலேயே நின்றுவிடும். அந்த அமைப்பினால் அங்கே ஏறக்குறைய 1 லட்சம் கன மீட்டர் பனி சேர்ந்திருக்கிறது. அடியில் உள்ளது 10,000 ஆண்டுப் பழசு. அடுக்கடுக்கான அந்தப் பனியில் சிக்கிய மகரந்தத்தை வைத்து அந்தக் காலத்துக் காடுகளைப் பற்றிக்கூட ஆராய்கிறார்கள். ஐரோப்பியக் குகைகள் பலவற்றில் இப்படிப்பட்ட அடுக்குகள் படித்து முடிக்கும் முன்பே உருகிக்கொண்டிருக்கின்றன.

அமர்நாத் குகைக்கு அந்தக் கிணற்று அமைப்பு கிடையாது. வாய் அகலம், ஆழம் குறைவு, வெளிக்காற்று தாராளமாக உள்ளே வரும். லிங்கமும் ஆண்டுக்கு ஆண்டு புதிதாக உண்டாவது. பழைய பனி என்று கைவசம் எதுவும் இல்லாததால், ஒரு மோசமான குளிர்காலத்தின் பலன் அதே கோடையில் தெரிந்துவிடும். 2006இல் லிங்கம் சரியாக உருவாகவில்லை. வெளியிலிருந்து பனி கொண்டுவந்து செய்துவைத்தார்கள் என்று புகார் கிளம்பி விசாரணை வரை போனது. அதற்குப் பிறகும் யாத்திரை முடியும் முன்பே கரைந்துபோன ஆண்டுகள் பல உண்டு.

‘கூட்டத்தால்தான் கரைகிறது’ என்று ஒரு தரப்பு சொல்கிறது. ‘பூமி சூடாவதால்’ என்கிறது இன்னொரு தரப்பு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சும்மா நிற்கும் ஒரு மனிதரின் உடலிலிருந்து சுமார் 100 வாட் வெப்பம் வெளியேறுகிறது. 200 பேர் நின்றால் 20 கிலோவாட். அவ்வளவு வெப்பமும் பனிக்குள்ளேயே போவதாக வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 200 கிலோவுக்கு மேல் உருகும். நிஜத்தில் பெரும்பகுதி அகலமான வாய் வழியாக வெளியே போய்விடும். ஆனால் மிச்சமும் சின்னதில்லை, அது காலை முதல் மாலை வரை ஓயாமல் வருகிறது.

ஆகவே கூட்டம் குற்றவாளிதான். ஆனால் அதை மட்டும் கைகாட்டினால் மற்றது தப்பித்துக்கொள்ளும். இமயமலைப் பகுதியை ஆராயும் ஐசிமோட் நிறுவனம் 2019இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகச் சராசரி வெப்பம் 1.5 டிகிரியோடு நின்றாலும் வடமேற்கு இமயமலையில் அதைவிடக் குறைந்தது 0.7 டிகிரி கூடுதலாக ஏறும். அமர்நாத் அந்த வடமேற்கில்தான் இருக்கிறது. 2024 ஜனவரியில் குல்மார்க் பனிச்சறுக்கு மைதானம் பனியில்லாமல் காய்ந்து கிடந்தது. பனி ஜனவரிக் கடைசியில்தான் வந்தது. 2025 ஜூலை 5 அன்று ஸ்ரீநகரில் 37.4 டிகிரி. வேலூர்க்காரருக்கு அது நல்ல நாள். காஷ்மீரில் எழுபது ஆண்டுகளில் அப்படியொரு ஜூலை வெயில் அடித்ததில்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1996 ஆகஸ்ட் பிற்பகுதியில் அமர்நாத் பாதையில் பனிப்புயல் அடித்து 240க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த சில நாளில், ஆகஸ்ட் 28 அன்று, உச்ச நீதிமன்றம் ‘வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம்’ வழக்கில் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றில் இறங்கியதைப் பற்றிய வழக்கு அது. 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழாகிவிட்டது என்பது அந்தத் தீர்ப்பிலேயே உள்ள கணக்கு. அதில்தான் முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு அறிவித்தது: மீட்க முடியாத சேதம் வரும் என்ற அச்சம் இருந்தால், அறிவியல் நிரூபணம் முழுதாக வரட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது. 2010ஆம் ஆண்டுப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் இதே கோட்பாடு ஏறியது. அந்தத் தீர்ப்பாயம்தான் 2017 டிசம்பரில் அமர்நாத் குகையில் ஓசைக்கும் உடைமைகளுக்கும் கட்டுப்பாடு விதித்தது. பாலாற்றங்கரையில் பிறந்த ஒரு வாதம் அந்தக் குகை வாசல் வரை போயிருக்கிறது.

போய் என்ன செய்தது என்பதுதான் கேள்வி. ஓசையைத் தொட்டது, எண்ணிக்கையைத் தொடவில்லை. 1996 விபத்தை ஆராய்ந்த நிதீஷ் சென்குப்தா குழு மொத்தம் 1 லட்சம் பேரோடு நிறுத்தச் சொன்னது. 2011இல் போனவர்கள் 6 லட்சத்துக்கு மேல். நம் கதையும் மெச்சும்படி இல்லை. பாலாற்று மாசுக்கு இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்று 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டு. ஆற்று மணல் அத்தனை காலம் தாக்குப்பிடித்துக் கிடக்கும். பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும் பனிக்கு அந்த அவகாசம் இல்லை.

போகிறவர்களுக்கு லிங்கம் கரைவதைவிடப் பெரிய கவலை மழை. சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும். மலைச் சரிவில் அதை ஒரே மூச்சில் கொட்டும். 2022 ஜூலை 8 மாலை குகைக்குப் பக்கத்தில் திடீர் வெள்ளம் வந்து, கூடாரங்களை அடித்துக்கொண்டு போனது. குறைந்தது 15 பேர் இறந்தார்கள். 2025இல் மழை பாதைகளைச் சிதைத்ததால் யாத்திரையையே ஆகஸ்ட் 3 அன்று, குறித்த நாளுக்கு முன்பாக, நிறுத்தினார்கள். ஆக, லிங்கத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் முதல் சில நாட்களுக்கே பதிவு செய்வது நல்லது. மருத்துவச் சான்றிதழுக்கு அலையும்போதே ஜனவரி, பிப்ரவரியில் காஷ்மீரில் எவ்வளவு பனி விழுந்தது என்ற செய்தியையும் பார்த்துவிடுங்கள். கூடாரம் எங்கே போடுகிறார்கள் என்று கேளுங்கள்; ஓடைப் படுகையில் என்றால் அங்கே இரவு தங்க வேண்டாம்.