உங்களுக்குத் தெரியுமா? கண்சிமிட்டும் நேரத்தில் மூளைப் படம்

மூளையின் ஒரு குறுக்குவெட்டுப் படத்தை எம்ஆர்ஐ கருவியால் 0.1 நொடிக்குள் எடுத்துவிட முடியும். முழுப் பரிசோதனை அரை மணி நேரம் வரை நீள்வது, பல வகைப் படங்கள் உயர்ந்த தெளிவுடன் அடுத்தடுத்துத் தேவைப்படுவதால்தான்.

• இவ்வேகத்திற்கு அடிப்படை, ஒரே வானொலித் துடிப்புக்குப் பின் காந்தப்புலச் சரிவை விரைந்து மாற்றி, ஒரு தளத்தின் குறிகைகள் அனைத்தையும் திரட்டும் 'எதிரொலித் தளப் படமாக்கம்' ஆகும். 1977-இல் இதை முன்வைத்த பிரிட்டன் இயற்பியலாளர் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு, 2003-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

• 1999-இல் வெளியான 'சென்ஸ்' முறை, தலையைச் சூழ்ந்த பல ஏற்பிச் சுருள்கள் ஒரே நேரத்தில் பெறும் குறிகைகளை ஒப்பிட்டு, குறைந்த அளவீடுகளிலிருந்தே படத்தை மீட்டெடுக்கிறது.

 

• இவ்வேகம் பக்கவாதத்தில் கைகொடுக்கிறது. பெரிய இரத்தக்குழாய் அடைபடும் பக்கவாதத்தில் நிமிடத்திற்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அவ்வடைப்பால் பாதிக்கப்பட்ட பகுதியை, நீர் மூலக்கூறுகளின் அசைவைப் பதியும் விரவல் படம் ஓரிரு நிமிடங்களில் காட்டிவிடும்.

• பக்கவாதத்தின் அறிகுறிகளாக முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, சற்றும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.