விலைவாசி உயர்வும் சட்டம் தரும் உரிமைகளும்

நுகர்வோர் விலைக் குறியீட்டெண் என்பது குடும்பங்கள் வாங்கும் பொருள்கள், சேவைகள் ஆகியவற்றின் விலைகள் ஓர் அடிப்படை ஆண்டோடு ஒப்பிடுகையில் எவ்வளவு மாறியுள்ளன என்பதைக் காட்டும் அளவீடாகும். அந்த எண் ஓராண்டுக் காலத்தில் எத்தனை விழுக்காடு கூடியது என்பதையே சில்லறைப் பணவீக்கம் என்று ஒன்றிய அரசு மாதந்தோறும் வெளியிடுகிறது. பணவீக்கம் குறைந்தது என்ற செய்திக்கு விலை ஏறும் வேகம் குறைந்தது என்று மட்டுமே பொருள். ஏறிய விலை பெரும்பாலும் ஏறிய இடத்திலேயே நிற்கிறது. மேலும், இந்த எண் எல்லாருக்குமான சராசரி. 2022-23ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் ஒருவரின் மாதச் செலவில் ஏறத்தாழ 46 விழுக்காடும் நகரங்களில் ஏறத்தாழ 39 விழுக்காடும் உணவுக்குச் செல்கின்றன. வருவாய் குறையக் குறைய இந்தப் பங்கு கூடும் என்பதால், பருப்பும் எண்ணெயும் காய்கறியும் விலையேறும் மாதங்களில் கூலிக் குடும்பம் உணரும் பணவீக்கம் அரசு அறிவிக்கும் எண்ணைவிட மிகுதியாகவே இருக்கும்.

இச்சுமையைக் குறைக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை விடை தருகிறது. உணவுப்பொருள் வணிகம், விலைக் கட்டுப்பாடு, எடையளவு ஆகிய மூன்றும் நாடாளுமன்றமும் மாநிலச் சட்டமன்றங்களும் சட்டம் இயற்றத்தக்க பொதுப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ஆகவே, மாநிலம் ஒன்றியத்தைக் கைகாட்டுவதும் ஒன்றியம் மாநிலத்தைக் கைகாட்டுவதும் மேடைப் பேச்சுக்குப் பொருந்தலாமே தவிர, சட்ட நிலைக்குப் பொருந்தா. 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் வாரத்தில் மக்களவையும் மாநிலங்களவையும் விலையேற்றத்தைப் பற்றி விரிவாக விவாதித்தன. அத்தகைய விவாதம் பதிவாகிறதே ஒழிய, அதனால் மட்டும் எந்தக் குடும்பத்துக்கும் கேட்டுப் பெறத்தக்க உரிமை எதுவும் பிறப்பதில்லை.

விலைவாசித் துயரைத் தணிக்க அரசுகள் தருபவை இரு வகைப்படும். அரசாணையாலோ நிதிநிலை அறிக்கையாலோ அறிவிக்கப்படும் திட்டம் முதல் வகை. சட்டப் பிரிவில் எழுதப்பட்ட உரிமை இரண்டாம் வகை. திட்டம் தாராளமானதாக இருக்கலாம், சட்டத்தைவிட அதிகமாகவே கொடுக்கலாம். ஆனால் அது நின்றுபோனால் அதைக் கேட்டுப் பெறும் வழி மெலிந்தது. சட்ட உரிமை சிறிதாக இருந்தாலும் அது மறுக்கப்படும்போது இழப்பீடு, மேல்முறையீடு, பொறுப்பான அலுவலர் மீது தண்டம் ஆகியவை அதனோடு சேர்ந்தே வருகின்றன. தம் கைக்கு வருவது இவ்விரண்டில் எது என்பதை அறிந்திருத்தல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இன்றியமையாதது.

இந்த வேறுபாடு நியாய விலைக் கடையில் தெளிவாகத் தெரிகிறது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013, கிராம மக்களில் 75 விழுக்காடு வரையிலும் நகர மக்களில் 50 விழுக்காடு வரையிலும் மானிய விலையில் தானியம் பெறும் உரிமையை வழங்குகிறது. முன்னுரிமைக் குடும்பத்தில் தலைக்கு மாதம் 5 கிலோவும், மிக வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோவும் அதன் அளவுகள். சட்டத்தில் அரிசிக்குக் கிலோ 3 ரூபாய் என்றிருந்த விலை, 2023 ஜனவரி முதல் நீக்கப்பட்டு, தானியம் இலவசமாக வழங்கப்படுகிறது. 2016 நவம்பரில் இச்சட்டத்தின்கீழ் வந்த தமிழ்நாடு, ஏற்கெனவே தன்னிடம் இருந்த அனைவருக்குமான பொது விநியோகத்தைக் கைவிடாமல், ஒன்றியச் சட்டம் உள்ளடக்காத குடும்பங்களுக்கும் தன் நிதியிலிருந்து அரிசி தருகிறது. 2007ஆம் ஆண்டு தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ்த் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைப்பது, வெளிச்சந்தை விலையோடு ஒப்பிட்டால் ஒரு கூலிக் குடும்பத்துக்குப் பெரும் துணை. எனினும், பருப்பும் பாமாயிலும் ஒன்றியச் சட்டத்தில் இல்லை. 2024 மே மாதத்தில் இவ்விரண்டுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அம்மாத ஒதுக்கீட்டை ஜூனில் பெற்றுக்கொள்ளலாம் என்று மாநில அரசு அறிவித்தது. அறிவிப்பு வரவேற்கத்தக்கதே, ஆனால் இடைப்பட்ட நாள்களில் வெளிச்சந்தையில் வாங்கிய குடும்பத்தின் கூடுதல் செலவை ஈடுசெய்யும்படி கேட்பதற்கு அதில் வழி இல்லை.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் தானியத்துக்கோ நிலை வேறு. உரிய அளவு வழங்கப்படாவிடில், மாநில அரசு அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி என்ற தொகையை வழங்க வேண்டும் என்று 8ஆம் பிரிவு கூறுகிறது. அதைக் கணக்கிடும் முறையை 2015ஆம் ஆண்டின் விதிகள் வகுத்துள்ளன. முறையீட்டுக்கு மாவட்டந்தோறும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். அவர் முடிவில் நிறைவில்லையெனில் மாநில உணவு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். குறைதீர் அலுவலர் பரிந்துரைத்த நிவாரணத்தைத் தக்க காரணமின்றி வழங்காத அரசு ஊழியருக்கு ஆணையம் 5,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். கடைப் பதிவேடுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதும், கடையின் செயல்பாட்டை ஊர் மக்களே ஆராயும் சமூகத் தணிக்கையும் இதே சட்டம் கட்டளையிடுபவை. இத்தனை கருவிகள் இருந்தும் உணவுப் பாதுகாப்புப் படியைக் கேட்டு மனுச் செய்யலாம் என்பதையே பெரும்பாலான அட்டைதாரர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது வேதனைக்குரியது.

நடைமுறையில் எழும் இடர்கள் பெரும்பாலும் சிறியவையாகத் தோன்றி, பெரிதாகக் கெடுப்பவை. உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகை விற்பனைக் கருவியில் பதியாமற்போவது அவற்றுள் ஒன்று. இந்தக் காரணத்தாலோ ஆதார் எண் இணைக்கப்படாத காரணத்தாலோ தகுதியுள்ளவருக்குப் பொருள் மறுக்கப்படக் கூடாது என்றும், விதிவிலக்காகப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு வழங்க வேண்டும் என்றும் ஒன்றிய உணவுத் துறை 2017 அக்டோபரில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியுள்ளது. கடைக்கு வர இயலாத முதியோரும் மாற்றுத் திறனாளிகளும் தம் சார்பில் பொருள் பெற வேறொருவரை எழுத்து மூலம் அங்கீகரிக்கலாம். வாங்காத பொருளுக்கு வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்தால் 1967 என்ற எண்ணிலோ, 1800 425 5901 என்ற கட்டணமில்லா எண்ணிலோ உடனே தெரிவித்துப் புகார் எண்ணைப் பெற்றுக்கொள்ள வேண்டும். வட்ட அளவில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகக் குறைதீர் முகாமில் அந்த எண்ணைக் காட்டி எழுத்துப்பூர்வமாக மனு அளிப்பது, பின்னர் மேல்முறையீடு செய்வதற்கு அடிப்படையாக அமையும்.

சட்டத்தில் எழுதப்பட்டதையே திட்டம் சுருக்கிவிடும் நிலையும் உண்டு. கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேற்று உதவி வேண்டும் என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு கூற, ஒன்றிய அரசின் மகப்பேற்றுத் திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாயையும், இரண்டாம் குழந்தை பெண்ணாக இருந்தால் மட்டும் 6,000 ரூபாயையும் அளிக்கிறது. மருத்துவமனைப் பேற்றுக்கான வேறொரு உதவியைச் சேர்த்தால் சராசரி 6,000 ரூபாயை எட்டும் என்ற விளக்கம், ஒவ்வொரு தாய்க்கும் என்று எழுதிய சட்டத்தோடு ஒத்துப்போகவில்லை. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டம் 18,000 ரூபாய் அளவுக்கு உதவுவதால் இக்குறை இங்கே வெளித்தெரிவதில்லை. வெளித்தெரியாமை சட்டக் குறையைச் சரியாக்கிவிடாது.

நியாய விலைக் கடைக்கு வெளியே, விலை ஏறாததுபோல் காட்டி ஏற்றும் முறை ஒன்று பரவலாகியிருக்கிறது. பொட்டலத்தின் விலையை 5 அல்லது 10 ரூபாயாகவே வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் எடையை 60 கிராமிலிருந்து 50 கிராமாகக் குறைத்தால், வாங்குபவர் உணராமலே கிராமுக்கான விலை 20 விழுக்காடு உயர்ந்துவிடுகிறது. பிஸ்கட், தேயிலை, சோப்பு முதலிய சில பொருள்களை இன்னின்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்று முன்னர் இருந்த அட்டவணை, 2021 நவம்பரில் திருத்தப்பட்ட பொட்டலப் பொருள் விதிகளில் நீக்கப்பட்டது. அதற்கு ஈடாக, ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ, ஒரு மில்லிலிட்டர் அல்லது ஒரு லிட்டர் என்ற அலகுக்கு எவ்வளவு என்பதைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்று கட்டாயமாக்கப்பட்டது. அலகு விலை எனப்படும் அந்தச் சிறு எழுத்தே இன்று நுகர்வோரின் கையிலுள்ள உண்மையான அளவுகோல். அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியது என்பதால், அதற்கு மேல் வரி என்றோ குளிரூட்டும் செலவு என்றோ சில்லறை விற்பனையாளர் கேட்பது குற்றம். மின்னணுத் தராசில் நடப்பு முத்திரை இல்லாவிடினும், எடை குறைந்தாலும், தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் செய்யலாம். சமையல் எரிவாயு உருளையை வீட்டு வாசலிலேயே எடைபோட்டுக் காட்டும்படி கேட்கும் உரிமை நுகர்வோருக்கு உண்டு. விநியோகக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருப்பதால், தனியாகப் பணம் கேட்பதை மறுக்கலாம்.

வரிக் குறைப்பின் பயன் கடைசி மனிதரை வந்தடைகிறதா என்பது இதைவிடக் கடினமான கேள்வி. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, ஷாம்பூ போன்றவற்றின் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. வரி குறைந்தால் விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும் என்று ஒன்றியச் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 171ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அப்பிரிவின்கீழ்ப் புதிய முறையீடுகளை ஏற்பது அதற்கு முன்பே, 2025 ஏப்ரல் 1 முதல், நிறுத்தப்பட்டிருந்தது. அண்மைக் காலத்தின் மிகப் பெரிய வரிக் குறைப்புகளுள் ஒன்று வரும் வேளையில் அதற்கென்றே அமைந்த முறையீட்டு வாயில் மூடிக் கிடந்தது, மக்களின் பிரதிநிதிகள் அவையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இப்போது எஞ்சியிருப்பது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் ஆகும். நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, வழக்கறிஞர் இன்றியே, இணையம் வழியாகவும் வழக்குத் தொடுக்கலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான மதிப்புக்குக் கட்டணம் இல்லை; இரண்டாண்டுக்குள் தொடுக்க வேண்டும். ரசீதை வாங்கிப் பாதுகாத்தால் மட்டுமே இவை பயன்படும்.

பதுக்கலைத் தடுக்க 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் உள்ளது. 2023 ஜூனில் துவரை, உளுந்து, கோதுமை ஆகியவற்றுக்கு இருப்பு வரம்பு அதன்கீழ் விதிக்கப்பட்டது. இது அரசின் கருவியாதலால், குடிமக்கள் பதுக்கலைக் கண்டால் தகவல் தரும் அளவிலேயே அவர்களுக்கு இதில் பங்கு.

செலவைக் குறைப்பதோடு வருவாயை விலையோடு சேர்த்து உயர்த்துவதும் சட்டத்தின் கடமையாகும். தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தின் ஒரு பகுதியான அகவிலைப்படி, சென்னை நகர விலைக் குறியீட்டெண்ணோடு இணைக்கப்பட்டு ஆண்டுதோறும் ஏப்ரலில் மாற்றியமைக்கப்படுகிறது. இந்த உயர்வைச் சேர்க்காமல் பழைய கூலியையே கொடுப்பது குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறைவாகக் கொடுப்பதே ஆகும். அவ்வாறு கொடுப்பது அரசியலமைப்பின் 23ஆம் கூறு தடைசெய்த கட்டாய உழைப்புக்குச் சமம் என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே தீர்ப்பளித்துள்ளது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நிலுவையைக் கோர மூன்றாண்டு அவகாசம் உண்டு. ஊதியம் உரியபடி கொடுக்கப்பட்டது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வேலையளிப்பவரைச் சேர்ந்தது.

விலைக்கும் வருவாய்க்கும் இடையிலான பள்ளத்தைப் பல குடும்பங்கள் கடனால் நிரப்புகின்றன. பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்குப் பிணையின்றித் தரப்படும் நுண்கடனில், எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் போகும்படி கடன் கொடுக்கக் கூடாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் விதித்துள்ளது. வசூலில் மிரட்டலும் அவமதிப்பும் நேர்ந்தால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும், வலுக்கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்கத் தமிழ்நாடு 2025இல் இயற்றிய சட்டத்தின்கீழ்க் காவல் துறையிடமும் முறையிடலாம்.

தனி மனு தீர்க்க முடியாத குறைகளைச் சட்டம் இயற்றுபவர்களிடமே கொண்டுசெல்ல ஒரு வழி இருக்கிறது. மக்களவையிலும் தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையிலும் மனுக்கள் குழுக்கள் உள்ளன. பேரவைக் குழு மாவட்டங்களுக்கு நேரில் சென்று ஆராய்வதோடு, அதற்கு முன்பாகப் பொதுமக்களிடமிருந்து எழுத்து மூலம் மனுக்களைப் பெறுகிறது. தெருவிளக்கையும் சாலையையும் கேட்பதோடு நில்லாமல், வரிக் குறைப்பு முறையீட்டு வாயிலை மீண்டும் திறக்கவும், பொட்டல எடை அட்டவணையை மீட்கவும் ஒன்றியத்தை வலியுறுத்தும்படி அக்குழுவிடம் கேட்கலாம். 2022இல் பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6 விழுக்காட்டைத் தாண்டியதால், சட்டப்படி ரிசர்வ் வங்கி அரசுக்கு அளித்த விளக்க அறிக்கை வெளியிடப்படவில்லை. அத்தகைய அறிக்கைகளை அவையில் வைக்க வேண்டும் என்ற கோரிக்கையை நாடாளுமன்ற உறுப்பினரிடம் எழுப்பலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, துவரம் பருப்பையும் பாமாயிலையும் மாநிலச் சட்டத்தின் உரிமையாக்கும்படி கேட்பதற்கு முன்மாதிரி உண்டு: சத்தீஸ்கர் சட்டமன்றம், நாடாளுமன்றம் சட்டம் இயற்றுவதற்கு முந்தைய ஆண்டான 2012இலேயே தன் சொந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றி, தானியத்தோடு பருப்பு வகையையும் உப்பையும் அதில் சேர்த்தது. விலைக் கட்டுப்பாடும் உணவுப்பொருள் வணிகமும் பொதுப் பட்டியலில் இருக்கும் வரை, அதே அதிகாரம் சென்னையிலுள்ள பேரவைக்கும் இருக்கிறது.